பழைய ஹோண்டா ஜாஸ் வாங்குமுன்: ஆறிய காரைப் பாருங்கள், சூடானபின் மறுபடி பாருங்கள்

சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவி, கைக்குழந்தை, ஈசூனில் வேலை, வாரக்கடைசியில் ஜூரோங்கில் மாமியார் வீடு. உபியில் ஒரு டீலரிடம் 2018-இல் பதிவான ஹோண்டா ஜாஸ் 1.3 ஒன்றைப் பார்த்திருக்கிறார். 92,000 கிலோமீட்டர் ஓடியது, சிஓஇ (காரை வைத்திருப்பதற்கான பத்து வருட உரிமைச் சான்று) இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம் மிச்சம், "இப்போதுதான் விகாம் பாஸ், ஒரு குறையும் இல்லை" என்று டீலர் சொல்கிறாராம் (விகாம் என்பது கட்டாய வாகனச் சோதனை செய்யும் நிலையம்). எதையெல்லாம் பார்க்க வேண்டும், மெக்கானிக்கைக் கூட்டிப்போக வேண்டுமா, இல்லை ஜாஸை விட்டுவிட்டு ஃபோக்ஸ்வேகன் போலோ பக்கம் போகலாமா என்பது அவர் கேள்வி. நான் காக்கி புக்கிட்டில் பட்டறை வேலை பார்ப்பவன், இந்த அளவுச் சின்னக் கார்கள்தான் எங்களிடம் அதிகம் வருகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டீலருக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: நான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். காலையில் முதல் ஆளாகப் போங்கள். ராத்திரி முழுக்க நின்ற கார் முதல் தடவை கிளம்பும் அந்த ஒரு நிமிடத்தில் வெளியே வரும் குறைகள் சூடான எஞ்சினில் மறைந்துவிடும். அதேபோல, நாற்பது நிமிடம் நெரிசலில் ஓடிச் சூடானபின் தலைகாட்டும் குறைகள், டீலர் கொடுக்கும் பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் தெரியவே தெரியாது. நான் பார்த்தவரையில் சின்னக் கார் வாங்கி ஏமாந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல், இந்த இரண்டு நிலையில் ஏதோ ஒன்றில் காரைப் பார்க்காமலே டெப்பாசிட் கொடுத்தவர்கள். இடைப்பட்ட இளஞ்சூட்டில் எல்லாக் காரும் நல்ல கார்தான்.

டீலர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைப்பதற்குக் கெட்ட எண்ணம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். வாரக்கணக்கில் நிற்கும் காருக்கு பேட்டரி இறங்கும், வாடிக்கையாளர் வரும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்கட்டும் என்றும் நினைப்பார்கள். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். போனதும் பானட்டைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நம் ஊர் வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் எந்தக் காரின் பானட்டும் சுடத்தான் செய்யும். பானட்டைத் திறந்து, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு மேல்பக்கமாக வரும் தடித்த ரப்பர் குழாயை விரலின் பின்புறத்தால் மெல்லத் தொடுங்கள். அது சூடாக இருந்தால் எஞ்சின் ஓடியிருக்கிறது. அப்படியானால் சண்டை வேண்டாம், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எஞ்சின் ஆறியிருப்பது உறுதியானபின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். சூடான எஞ்சினில் இதை ஒருநாளும் செய்யாதீர்கள், முகமே வெந்துவிடும். உள்ளே ஹோண்டாவின் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், நீல நிறத்தில் இருக்க வேண்டும். வேறு நல்ல கூலண்ட் ஊற்றியிருந்தால் பச்சையோ சிவப்போ இருக்கலாம், அதில் தப்பில்லை. நிறமே இல்லாத வெறும் தண்ணீர், அல்லது துருப்பிடித்த பழுப்பு நிறம் என்றால் எங்கோ கசிந்துகொண்டிருக்கிறது, யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சமாளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரேடியேட்டரின் மேல் தொட்டி கறுப்பு பிளாஸ்டிக், வயதானால் வெளுத்துப் பழுப்பாகும், அப்புறம் மடிப்பில் மயிரிழை போல் வெடிக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த விளிம்பில் காய்ந்த உப்புப் போல ஒரு கோடு படிந்திருந்தால் அது கூலண்ட் கசிந்து காய்ந்த தடம். ரேடியேட்டர் மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் கசிவைக் கவனிக்காமல் ஒருமுறை எஞ்சினைக் கொதிக்க விட்டிருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகத்தை அடைக்கும் தகடு) போயிருக்கலாம், அது பெரிய செலவு.

ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். தேன் நிறமோ மெல்லிய பழுப்போ சரி. கறுப்பு வண்டல் கெட்டியாகப் படிந்திருந்தால் ஆயில் நேரத்துக்கு மாற்றவில்லை. கார் நின்ற தரையையும் குனிந்து பாருங்கள். ஏர்கானிலிருந்து சொட்டிய தண்ணீரை யாரும் பொருட்படுத்த வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள், நீங்களே செய்யுங்கள், கூட வந்தவரைப் பின்னால் புகைபோக்கி அருகில் நிற்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நொடி எஞ்சினின் ஓரத்திலிருந்து சங்கிலி உரசுவது போல் கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால் டைமிங் செயினையோ (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலி) அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையோ சந்தேகிக்க வேண்டும். ஜாஸில் இது அபூர்வம், வேறு சில கார்களில் அபூர்வமில்லை, அதைக் கீழே சொல்கிறேன். புகை நீலமாக ஒரு கொத்து வந்து நின்றால் ராத்திரியில் வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது. ஆரம்பத்தில் எஞ்சின் சற்று வேகமாகச் சுற்றி, ஓரிரு நிமிடத்தில் தானாக இறங்கி நிலைக்க வேண்டும். இறங்காமல் மேலும் கீழும் ஊசலாடினால் காற்று நுழையும் 'திராட்டில்' வால்வில் அழுக்காகவோ காற்றுக் கசிவாகவோ இருக்கலாம்.

அடுத்து பிரேக்கை நன்றாக மிதித்தபடி, ஏர்கானைப் போட்டு, டி-யில் (ஓடும் கியர்) வைத்துக் கையை ஸ்டியரிங்கில் லேசாக வையுங்கள். உடம்பெல்லாம் அதிர்கிறதா? இப்போது என்-னுக்கு (நியூட்ரல்) மாற்றுங்கள். அதிர்வு உடனே அடங்கினால் பெரும்பாலும் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் தேய்ந்திருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் அந்த ரப்பர் நீண்ட நாள் தாங்காது. ஏழெட்டு வருடக் காரில் மாற்ற வேண்டியிருப்பது சகஜம், விலையில் சில நூறு வெள்ளி குறைக்கக் கேட்கலாம், இதற்காகக் காரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. என்-னிலும் அதிர்வு தொடர்ந்தால் எஞ்சினே சீராக எரியவில்லை, பிளக், காயில், வால்வு இடைவெளி என்று தேட வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம், கியர்பாக்ஸ்.

இந்த ஜாஸில் இருப்பது சிவிடி. வழக்கமான பல்சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு கூம்பு வடிவ உருளைகள், அவற்றுக்கு நடுவே ஒரு எஃகு பெல்ட். எண்ணெய் அழுத்தம் அந்த உருளைகளை நெருக்கியும் விரித்தும் பெல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது, அதுதான் கியர் மாறுவது. ஆக எல்லாமே அந்த எண்ணெயின் கையில்தான் இருக்கிறது. எண்ணெய் பழசாகி, சூட்டில் தன் குணத்தை இழந்து, உலோகத் தூள் கலந்துபோனால் பிடிப்பு தளர்ந்து பெல்ட் மிக நுண்ணிதாக வழுக்கும், வழுக்கினால் உருளையில் கீறல் விழும், கீறல் விழுந்தால் இன்னும் தூள். காலையும் மாலையும் விரைவுச்சாலையில் நின்று நின்று நகரும் காருக்கு, வெளியே 32 டிகிரி வெயிலில், கியர்பாக்ஸ் எண்ணெய் எந்நேரமும் சூட்டிலேயே கிடக்கிறது. அதனால் இங்கே 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது சிவிடி எண்ணெயை மாற்றுவது நல்ல பழக்கம். இந்தத் தலைமுறை ஜாஸுக்கு ஹோண்டாவின் எச்சிஎஃப்-2 எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், "எல்லா சிவிடிக்கும் பொருந்தும்" என்று வரும் எண்ணெயை நான் ஊற்ற மாட்டேன். 92,000 ஓடிய காரென்றால் குறைந்தது இரண்டு முறை மாற்றிய பில் இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பில் போன வாரத் தேதியில் இருந்தாலும் உஷார்: லேசான உதறல் உள்ள சிவிடியில் புது எண்ணெய் ஊற்றினால் சில மாதம் அடங்கிக் கிடக்கும்.

ஓட்டும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? கிளம்பிய உடனே ரேடியோவை நிறுத்துங்கள், டீலர் பேச்சுக் கொடுத்தாலும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லுங்கள். முதல் சோதனை கார்நிறுத்துமிடத்திலேயே. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் தானாக மெல்ல ஊர வேண்டும், இடைவெளியில்லாமல், திக்கித் திக்கிப் போகாமல். அப்புறம் சாலையில் 20 முதல் 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஆக்சிலரேட்டரை மிக லேசாக, முட்டையை மிதிப்பது போல் மிதித்து, மெதுவாக வேகம் கூட்டுங்கள். இந்த இடத்தில்தான் தேய்ந்த சிவிடி தன்னைக் காட்டிக்கொடுக்கும். வரிவரியாகக் கோடு போட்ட சாலையில் போவது போல் ஒரு சின்ன உதறல், ஒரு நொடி வந்து மறையும். வேகமாக மிதித்தால் அது தெரியாது, அதனால்தான் பலர் டெஸ்ட் டிரைவில் ஜோராக ஓட்டிப் பார்த்து ஏமாறுகிறார்கள். சாலையில்தான் ஏதோ என்று தோன்றினால் அதே இடத்தில் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அழுத்தி மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் முதலில் ஏறி, வேகம் அப்புறம் ஏறுவது சிவிடியின் இயல்பு, அது குறையில்லை. பழைய டொயோட்டாவோ நிஸானோ கியர் மாறும் ஆட்டோவில் ஓட்டிப் பழகியவர்கள் இதைக் கேட்டதும் கியர்பாக்ஸ் போச்சு என்று பயந்துவிடுகிறார்கள். சீரான வேகத்தில் காலை அசைக்காமல் போகும்போது எஞ்சின் சுற்று தானாக எகிறி இறங்குவது, வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு ஊளைச் சத்தம், ரிவர்ஸில் போட்டதும் ஒன்றிரண்டு நொடி ஒன்றும் நடக்காமல் அப்புறம் டக்கென்று பிடிப்பது, இவைதான் குறை. ரிவர்ஸ் சோதனையைச் சூடானபின், பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் சரிவில் மேல்நோக்கிச் செய்துபாருங்கள். ஆறிய காரில் சமதரையில் எல்லா ரிவர்ஸும் வேலை செய்யும்.

இதற்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்றால், நம் ஊர்க் கார் விலையின் கணக்கு அப்படி. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். காரின் ஓஎம்வி (இறக்குமதி மதிப்பு) 16,000 வெள்ளி, அதற்குச் சமமாக ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்) கட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். 2018-இல் பதிவான கார் பத்தாவது வருடத்தில் பதிவு நீக்கப்படும்போது திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தொகை அந்த ஏஆர்எஃப்பில் பாதி, அதாவது 8,000. கார் விலை 30,000, இரண்டு வருடம் மிச்சம் என்றால் 22,000-ஐ இரண்டால் வகுத்து வருடத்துக்கு 11,000 வெள்ளி தேய்மானம். விளம்பரத்தில் இந்த எண்ணைத்தான் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள், வருடத்துக்கு 500 குறைவு என்று அக்கம்பக்கத்து டீலரிடம் ஓடுகிறார்கள். ஆனால் சிவிடியைப் பிரித்து வேலை செய்தால் மூவாயிரம், நாலாயிரம் வெள்ளி எளிதாகப் போகும். நாலாயிரம் என்றால் உங்கள் தேய்மானம் வருடத்துக்கு 13,000. பத்து வருடம் மிச்சமுள்ள புதுக் காரில் அந்தச் செலவு பரவிக் கரையும், இரண்டு வருடக் காரில் கரைய இடமில்லை. அதனால் வருடத்துக்கு ஆயிரம் கூடக் கொடுத்தாலும் சர்வீஸ் பில் முழுசாக உள்ள காரை எடுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன். பார்ஃப் எவ்வளவு என்பதை டீலர் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம், சில கார்களுக்குப் புகைமாசு குறைவு என்று தொடக்கத்தில் தள்ளுபடி கிடைத்து ஏஆர்எஃப் குறைந்திருக்கும், காரின் பதிவு விவரங்கள் உள்ள லாக் கார்டிலேயே குறைந்தபட்ச பார்ஃப் தொகை போட்டிருக்கும்.

சரி, ஓட்டிக்கொண்டிருந்தோம். உபியிலிருந்து தீவு விரைவுச்சாலையில் ஏறி, கொஞ்ச தூரம் அனுமதித்த வேகத்தில் போய், அப்புறம் தோ பாயோ போன்ற சிக்னல் நிறைந்த இடத்தில் நின்று நின்று வாருங்கள். முடிந்தவரை முப்பது நாற்பது நிமிடம். டீலர் முகம் சுளித்தால் பெட்ரோலுக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். பிறகு ஒரு வெயில் படும் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஏர்கானை முழுவேகத்தில் விட்டுப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். இந்தப் பதினைந்து நிமிடத்தை யாரும் செய்வதில்லை, ஆனால் சிங்கப்பூரில் வாங்குகிற காருக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

ஓடும்போது குளிர்ந்து, நின்றால் வெதுவெதுப்பாகும் ஏர்கான் என்றால் கண்டன்சர் விசிறியோ கம்பிரசரோ தளர்ந்திருக்கிறது. குளிரே குறைவு, போன மாதம்தான் கேஸ் அடித்தோம் என்றால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். காயில் விலையைவிட டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் வலிக்கும், கழற்றி மாட்டியபின் பிளாஸ்டிக் கிரீச்சிடும் சத்தம் வேறு. வருடம் முழுக்க ஏர்கான் ஓயாத ஊர், அதனால் ஏழெட்டு வருடக் காரில் இது அடிக்கடி வரும் வேலை. ஏர்கானைப் போட்டதும் முதல் ஊதலில் புளித்த நாற்றம் அடிக்கிறதா என்றும் பாருங்கள், கைக்குழந்தை உள்ள வீடு.

எஞ்சின் சூட்டைப் பற்றி ஜாஸ் விஷயத்தில் ஒரு தனிக்குறிப்பு. இந்தக் காரில் சூடு காட்டும் முள் கிடையாது. ஆறியிருந்தால் நீல விளக்கு, மிஞ்சிச் சூடானால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றுமே தெரியாது. சிவப்பு எரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். அதனால் இணையக் கடையில் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும், காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி புளூடூத் கருவி ஒன்றை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மாட்டி, கைப்பேசியில் கூலண்ட் சூட்டைப் பார்த்தபடி உட்காருங்கள். 90 டிகிரியை ஒட்டி நின்று, விசிறி ஓடினால் கொஞ்சம் இறங்கி, நின்றால் கொஞ்சம் ஏறி, இப்படி ஊஞ்சலாடுவது ஆரோக்கியம். 100-ஐத் தாண்டி, 105-ஐத் தாண்டி இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் எஞ்சினை அணைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

அதே கருவி இன்னொரு உண்மையையும் சொல்லும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்த காரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு அணையும், ஆனால் காரின் கணினி தன் சுயசோதனைகளை எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அது முடியாதவரை செயலியில் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும். அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் பெரும்பாலான செயலிகளில் தெரியும். அழித்து 12 கிலோமீட்டர்தான் ஆகிறது என்று கண்டால், ஏன் என்று கேளுங்கள். பேட்டரி மாற்றினோம் என்பார்கள், அதுவும் உண்மையாக இருக்கலாம், அப்படியானால் புது பேட்டரியைக் காட்டச் சொல்லுங்கள்.

சஸ்பென்ஷனுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தைவிட நல்ல சோதனைச் சாலை இல்லை. ஜன்னலை இறக்கிவிட்டு, சுவரை ஒட்டி, வேகத்தடை மேல் மெதுவாக ஏறி இறங்குங்கள். டொக்டொக் சத்தம் சுவரில் பட்டு உங்கள் காதுக்கே திரும்பிவரும். ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ், அப்சார்பர் என்று இந்த வகைக் கார்களில் தேய்வது இவைதான், இவை எல்லாமே தாங்கக்கூடிய செலவு. வளைந்து ஏறும் சரிவில் ஸ்டியரிங் முழுக்க ஒடித்திருக்கும்போது டிக்டிக்டிக் என்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு டயரும் நான்கு விதமான பிராண்டாக இருந்தால் முன்னவர் காரை எப்படி வைத்திருந்தார் என்பதற்கு அதுவே பதில். டயரின் உள்பக்க விளிம்பையும் கையால் தடவுங்கள், வெளிப்பக்கம் நன்றாக இருந்து உள்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும் டயர்களை அடிக்கடி பார்க்கிறோம்.

ஜாஸின் பெட்ரோல் தொட்டி முன்சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது, அதனால்தான் பின்சீட்டை அப்படி மடக்க முடிகிறது. காரைத் தூக்கிப் பார்க்கும்போது அந்த இடத்தில் அடிபட்ட கீறல், நசுங்கல் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பெயின்ட், பாடி இவற்றில் நான் அதிகம் மினக்கெட மாட்டேன், கீறலும் சொட்டையும் ஓடுவதற்குத் தடையில்லை. ஆனால் பின்னால் சாமான் வைக்கும் இடத்தின் தரைவிரிப்பைத் தூக்கி அடியில் வெல்டிங் தடம், புதுசாகப் பூசிய பசை, தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள். பானட்டின் உள்ளே ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் அந்தப் பக்கம் கழற்றப்பட்டிருக்கிறது. எல்லா சீட்பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள், வெள்ளத்தில் மாட்டிய காரில் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு ஒன்று மறைந்திருக்கும். குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இரண்டையும் விரலால் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தக் கார் தனியார் வாடகைக்கு ஓடியதா என்பது தெரிய வேண்டும். 2017 ஜூலையிலிருந்து அப்படி ஓடும் கார்கள் முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒட்டுவில்லை ஒட்டியாக வேண்டும். உரித்தபிறகும் கண்ணாடியில் அதன் வடிவம் லேசாகத் தங்கியிருக்கும், வாயால் ஆவி ஊதினால் பளிச்சென்று தெரியும். பின்சீட்டுக் கதவின் உள்பிடி, பின்பக்கத் தரைக்கம்பளம் இவை ஓட்டுநர் பக்கத்தைவிடத் தேய்ந்திருந்தாலும் அதே சந்தேகம். வாடகைக்கு ஓடிய கார் என்றாலே மோசம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், சிலர் அதைப் பொழுது தவறாமல் சர்வீஸ் செய்கிறார்கள். ஆனால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும், டீலர் அதை மறைக்கிறார் என்றால் வேறெதையும் மறைப்பார். கிலோமீட்டரைப் பொறுத்தவரை, வருடத்துக்கு 15,000 முதல் 18,000 என்பது இங்கே சகஜம், 2018 காருக்கு 92,000 கொஞ்சம் குறைவுதான். அது உண்மையான எண்தானா என்பதைப் பட்டறை ஒட்டும் ஆயில் ஸ்டிக்கர், பழைய பில்கள், பிரேக் மிதியின் ரப்பர் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். வழுக்கையான பிரேக் ரப்பரும் 60,000 கிலோமீட்டரும் ஒன்றாக இருக்க முடியாது.

"விகாம் பாஸ்" என்பதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். மூன்று வருடம் கடந்த காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பத்து வருடம் கடந்த காருக்கு வருடா வருடமும் சாலைவரி புதுப்பிக்கச் செய்யும் கட்டாயச் சோதனை அது. பிரேக், புகை, விளக்கு, அடிப்பகுதி, டயர் எல்லாம் பார்ப்பார்கள். சாலையில் மற்றவர்களுக்கு ஆபத்தில்லாத கார் என்பதற்குச் சான்று. சிவிடி உதறுகிறதா, ஏர்கான் குளிர்கிறதா என்பது அதில் வராது. அதே நிலையங்களில் பழைய கார் வாங்குபவர்களுக்கென்று தனியாக ஒரு மதிப்பீட்டுச் சோதனை உண்டு, கட்டணம் கட்டினால் காரைத் தூக்கிப் பார்த்து அறிக்கை தருவார்கள், விபத்துத் தடம் இருந்தால் அதிலேயே வெளிவரும். அதைச் செய்யுங்கள், டீலர் தரும் பழைய அறிக்கையை வாங்கிக்கொள்ளாதீர்கள். மெக்கானிக்கைக் கூட்டிப்போகலாமா என்றால், தாராளமாக, ஆனால் அந்த வகைக் காரைத் தினமும் கழற்றி மாட்டுபவராக இருக்க வேண்டும். லாரி பார்க்கும் மாமாவைக் கூட்டிப்போய்ப் பயனில்லை.

போலோ பற்றிக் கேட்டீர்கள். ஓட்டுவதற்கு ஜாஸைவிட உறுதியான கார், எனக்கே பிடிக்கும். ஆனால் 1.2 டிஎஸ்ஐ டர்போ எஞ்சினும் டிஎஸ்ஜி எனும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸும் உள்ள போலோவில் அது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் நம் ஓட்டத்துக்கு ஒத்துவராதது. முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறல், அப்புறம் மெக்கட்ரானிக் எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி படுத்துக்கொள்வது. 2014-க்கு முந்தைய 1.2-இல் டைமிங் செயின் தளர்ந்து காலையில் கடகடப்பதும் தெரிந்த கதை, பிறகு வந்த எஞ்சினில் செயினுக்குப் பதில் பெல்ட். மிச்சக் காலம் குறைவான காரில் இந்த கியர்பாக்ஸை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஜாஸின் ஜப்பானிய உடன்பிறப்பான ஃபிட் ஹைபிரிட் மலிவாகக் கண்ணில் படும். அதில் சிவிடி கிடையாது, ஏழு கியர் இரட்டைக் கிளட்ச். 2013 செப்டம்பரில் ஜப்பானில் வந்த அந்தக் கார் ஏறக்குறைய ஓராண்டுக்குள் ஐந்து முறை திரும்ப அழைக்கப்பட்டது. பிந்தைய வருடக் கார்கள் தேறிவிட்டன, என்றாலும் அந்த கியர்பாக்ஸைத் தெரிந்த பட்டறை பக்கத்தில் இல்லையென்றால் வேண்டாம். ஹைபிரிட் அல்லாத நிஸான் நோட், மிட்சுபிஷி ஸ்பேஸ் ஸ்டார் இரண்டும் சிவிடிதான், மேலே சொன்னது அப்படியே பொருந்தும். மஸ்டா 2-இல் 2014-க்குப் பின் வந்தது ஆறு கியருள்ள சாதாரண ஆட்டோ, கியர்பாக்ஸ் தலைவலி குறைவு. எரிபொருளை நேரடியாக உள்ளே பீய்ச்சும் எஞ்சின் என்பதால் வால்வில் கரி சேரும், வருடக்கணக்கில் குட்டித் தூரமே ஓடிய காரில் அது அதிகம். பின்சீட்டு இடம் குழந்தை சீட்டுக்கும் பாட்டிக்கும் சேர்த்துப் போதாது, அதனால் உங்கள் தேவைக்கு ஜாஸ்தான் சரி.

சிஓஇ புதுப்பித்த இன்னும் பழைய ஜாஸைக் காட்டி மலிவு என்பார்கள். பார்ஃப் கிடையாது, பத்து வருடத்துக்குப் பின் சாலைவரியில் வருடத்துக்கு 10 விழுக்காடு என்று 50 வரை கூடிக்கொண்டே போகும், ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது. அந்தக் காலத்து ஹோண்டாக்களில், விரியும்போது வெடித்துச் சிதறக்கூடும் என்று திரும்ப அழைக்கப்பட்ட தகாட்டா காற்றுப்பைகள் வேறு. அவற்றின் உள்ளே இருக்கும் ரசாயனம் கெடுவதற்குக் காரணமே சூடும் ஈரப்பதமும்தான், நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஹோண்டா முகவரிடம் மாற்றியாயிற்றா என்று கேட்காமல் பழைய ஹோண்டாவில் குழந்தையை ஏற்றாதீர்கள்.

எல்லாம் திருப்தி என்றால் விற்பவரை ஆணையத்தின் இணையத்தளமான ஒன்மோட்டரிங்கில் நுழையச் சொல்லி லாக் கார்டை அவர் திரையிலேயே பாருங்கள். எத்தனை கை மாறியது, தயாரான வருடம், பதிவான தேதி, சேசிஸ் எண், எஞ்சின் எண். அந்த இரண்டு எண்ணையும் காரில் பொறித்திருப்பதோடு ஒத்துப்பாருங்கள்.

டெப்பாசிட் கொடுக்கும் முன் தாளில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: மதிப்பீட்டுச் சோதனையில் கியர்பாக்ஸ், எஞ்சின், விபத்துக் குறை தெரியவந்தால் டெப்பாசிட் முழுதும் திரும்பத் தரப்படும். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது, எழுத மறுக்கும் டீலரிடம் பணம் கொடுக்காதீர்கள். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் டீலரிடம் வாங்கும் பழைய கார்களுக்கும் பொருந்தும். கையில் வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது டீலர் பொறுப்பு. காரின் வயதையும் விலையையும் வைத்துத்தான் எது குறை என்று பார்ப்பார்கள், தேய்ந்த பிரேக் பேட் குறையாகாது. உங்களிடம் முன்பே சொல்லிவிட்ட குறைக்கும் பின்னால் கேட்க முடியாது, அதனால் கையெழுத்துப் போடும் முன் தாளில் குட்டி எழுத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. அப்போது மேலே சொன்ன காலைச் சோதனையும் நாற்பது நிமிட ஓட்டமும் இரண்டு மடங்கு கவனத்தோடு செய்ய வேண்டியவை.

காரை எடுத்துவந்தால் முதல் வாரத்திலேயே சிவிடி எண்ணெய், எஞ்சின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றிவிடுங்கள், டீலர் மாற்றியதாகச் சொன்னாலும். அதற்கான சில நூறு வெள்ளியை விலை பேசும்போதே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிவிடி எண்ணெயை வடிக்கும்போது பக்கத்தில் நின்று, கீழே உள்ள காந்த போல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். மென்மையான சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் உறுத்தும் செதில் ஏதாவது இருந்தால் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே டீலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், ஆறு மாதக் கணக்கு அப்போது ஓடிக்கொண்டிருக்கும்.